சிற்பியின் திருமுகம்

(திருவாடானைத் திருக்கோயில் குடமுழுக்கு விழாவை ஒட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சிவமயம்

அருள்மிகு சிநேகவல்லியம்மை உடனாய ஆதிரத்தினேசுவரப் பெருமானின் திருவடிகளை மனமொழி மெய்களால் வணங்குகின்றேன். 

பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14-இல் ஒன்றாகிய இப்பதியின் பெருமையைப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். திருஞானசம்பந்தப் பிள்ளையார் பாடியருளிய பதி இது. கதிரவன் நீலமணி கொண்டு பூசித்தமையால் இறைவர்க்கு ஆதிரத்தினேசுவரர் என்னும் திருப்பெயர் வந்தது. துருவாச முனிவரின் சாபத்தால் ஆட்டின் உடலும் யானையின் தலையும் பெற்ற வருணன் மகன் இங்கே வழிபட்டுத் தன் உரு மீண்டான். ஆடும் ஆனையும் இணைந்த அந்த வரலாறே ஊரின் பெயராக நின்றது. இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. என்னினும் நன்றாகச் சொல்ல வல்ல முதியோர் இவ்வூரில் உளர். ஆதலின் இன்று வேறொன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

அடியேன் இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். நம் நாடு மலையில்லாத நாடு. கண்மாயும் வயலும் கருவேலங்காடுமாகப் பரந்து கிடக்கும் சமவெளியில், இந்த ஒன்பது நிலை இராசகோபுரமே எங்களுக்கு மலை. சிறுவயதில் மாட்டுவண்டியில் வரும்போது, 'அதோ கோபுரம்' என்று என் தந்தையார் காட்டுவார்; நான் கைகூப்புவேன். அதைக் கட்டுவித்தவர் யார் என்று கேட்டதுண்டு. கட்டியவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி என் உள்ளத்தில் எழுவதற்கு எழுபது ஆண்டு ஆயிற்று. அதை எழுப்பியவை பதினொரு அஞ்சலட்டைகள். அவற்றின் கதையைத்தான் இன்று சொல்லப் போகின்றேன்.

1968-ஆம் ஆண்டில் அடியேன் சோழநாட்டுத் திருமடம் ஒன்றில் தங்கிச் சாத்திரமும் தோத்திரமும் கற்றுக்கொண்டிருந்தேன். அப்போது அருகிலிருந்த கோயில் ஒன்றில் திருப்பணி நடந்தது. கல்வேலைக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் என் பேச்சைக் கேட்டதும், "தம்பி, நம்ம சீமைப் பக்கமா?" என்று வினவினார். அவர் ஊர் காளையார்கோயில் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர். அன்றுமுதல் அவருக்குக் கடிதம் எழுதித் தரும் பணி எனக்கு வாய்த்தது.

அவர் எழுத்தறியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். எட்டு யவம் ஓர் அங்குலம் என்னும் கணக்கில் தொடங்கி, ஒரு திருமேனியின் முடி முதல் அடி வரை உள்ள அளவுகளை நூல் பிறழாமல் சொல்லுவார். கல்லைத் தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலிப்பது ஆண் கல், தாளம்போல் ஒலிப்பது பெண் கல், ஒலி எழாதது அலிக் கல் என்று பிரித்து ஒதுக்குவார். பிறர் சுண்ணத்தால் வரைந்து தரும் எழுத்தைக் கருங்கல்லில் அழகாக வெட்டுவார். ஆனால் தன் மனத்தில் உள்ளதைத் தானே ஒரு காகிதத்தில் எழுதக் கை வராது. ஆகவே மாலையில் உளிகளை எண்ணிக் கட்டி வைத்த பின், மண்டபத்தின் படியில் அமர்ந்து சொல்லுவார், நான் எழுதுவேன்.

கடிதத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழி இருக்க வேண்டும். "இங்கு யாவரும் க்ஷேமம், அங்கு உங்கள் க்ஷேமத்திற்கு எழுதவும்" என்று தொடங்க வேண்டும். முகவரி மகன் பெயருக்குத்தான். மனைவியின் பெயரை அவர் ஒரு முறையும் சொன்னதில்லை. ஆனால் சொன்ன செய்தியெல்லாம் அவளுக்கே என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அறிமுகமில்லாத இளைஞர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். அந்தச் சிற்பியின் பேரர் அவர். தாமும் கல்வேலை செய்பவர். மஞ்சள் பை ஒன்றிலிருந்து அந்த அஞ்சலட்டைகளை எடுத்து என் முன் வைத்தார். நடுவில் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு துளை. பாட்டி அவற்றைக் கம்பியில் குத்திச் சுவரில் மாட்டி வைத்திருந்தாளாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் வந்த வரிசை மாறாமல் ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் காத்து வைத்திருந்தாள். பதினெட்டு வயதுப் பையனாகிய என் கையெழுத்து அதில் இருந்தது. கடிதங்களில் ஊர்ப்பெயரையும் மடத்தின் பெயரையும் கண்டு, வழி விசாரித்து என்னைத் தேடி வந்திருந்தார் அந்தப் பேரர்.

முதல் அட்டை, வந்து சேர்ந்த செய்தி. பணவிடை அனுப்பியிருப்பதாகவும், அதில் அரிசிக் கடைக்காரருக்கு முதலில் கொடுக்கும்படியும் சொல்லுகிறது. இரண்டாவது, மகனைப் பற்றியது. பையன் எட்டாம் வகுப்பை முடிக்கட்டும். பிறகு உளி எடுக்கலாம். எடுத்தவுடன் கல்லில் வைக்கக் கூடாது. ஓராண்டு உலையருகே உட்கார்ந்து உளி காய்ச்சித் தோய்க்கும் பக்குவம் பார்க்க வேண்டும். இரும்பு சிவந்த பின் எந்த நிறத்தில் நீரில் தோய்ப்பது என்பதைக் கண் பழக வேண்டும். நீர் முந்தினால் உளி முனை நொறுங்கும், பிந்தினால் மழுங்கும். இவ்வளவையும் ஓர் அட்டைக்குள் அடக்குமாறு சொன்னார். இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதியிருக்கிறேன். ஒரு தந்தை தன் மகனுக்கு வைக்கும் செல்வம் அவ்வட்டையின் ஓரங்களில் இருந்தது.

நான்காவது அட்டையில் ஒரே வரிதான்: "வேலை நன்றாக நடக்கிறது." அதை எழுதிய நாளை நான் மறக்கவில்லை. தூணின் மேல் வைக்கும் போதிகை ஒன்றை அவர் பல நாள் செதுக்கியிருந்தார். வாழைப்பூப் போலத் தொங்கும் அதன் முனை முடியும் தறுவாயில், கண்ணுக்குத் தெரியாத ஒரு ரேகை கல்லினுள் இருந்து, முனை உடைந்து விழுந்தது. அத்தனை நாள் உழைப்பும் வீண். அன்று இரவு அவர் உண்ணவில்லை. மறுநாள் கடிதம் எழுத அமர்ந்தபோது, "அதையும் எழுதட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. வேலை நன்றாக நடக்கிறது என்று எழுது" என்றார். வீட்டுக்குச் சென்றது அவ்வரி. செல்லாத துயரம் என்னிடம் தங்கிவிட்டது.

ஏழாவது அட்டையில் மகளின் திருமணப் பேச்சு. தை மாதத்தில் வைக்கலாம். குடமுழுக்கு நெருங்குவதால் இரண்டு நாளுக்கு மேல் விடுப்புக் கிடைக்காது. மைத்துனர் முன்னின்று நடத்தட்டும் என்று இருக்கிறது. இறைவனுடைய திருக்கலியாண மண்டபத்திற்குத் தூண் செதுக்கிக்கொண்டிருந்தவர் தம் மகளின் பந்தல்காலை நடப் போகவில்லை. ஒன்பதாவது அட்டையில், நெஞ்சில் சளி இருப்பதாகவும், ஒன்றும் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்றும் உள்ளது. அந்தச் சளியைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

நான் இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டிய பிழை ஒன்று உண்டு. திருப்பணி முடியும் காலத்தில் நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டும் வேலையும் அவரிடமே வந்தது. நீண்ட பட்டியல்; ஓர் எழுத்தும் பிழையாமல் வெட்டினார். கடைசி வரிக்குக் கீழே நான்கு விரற்கிடை வெற்றிடம் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "தம்பி, நீ படித்தவன். இந்த ஓரத்தில் எங்க அப்பன் பேரை வெட்டலாமா? அவர்தான் எனக்குக் கோல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்" என்று கேட்டார். தம் பெயரைக் கேட்கவில்லை. தந்தையின் பெயரைக் கேட்டார். அப்போதுதான் நான் சித்தாந்த சாத்திரத்தில் மும்மலப் பகுதியைப் பாடம் கேட்டு முடித்திருந்தேன். அந்த மிடுக்கில், "ஆசாரியாரே, பெயரை நாடுவது ஆணவ மலத்தின் செயல். சிவத்தொண்டு செய்பவர்க்குப் பெயர் எதற்கு?" என்று சொன்னேன். அவர் சிரித்தார். "சரி தம்பி" என்று உளியைத் துடைத்து வைத்தார். அதன் பின் அதைப் பற்றிப் பேசவில்லை.

மேலே நூறு பெயர் இருந்ததை நான் காணவில்லை. ஆணவம் கல்தச்சனுக்கு மட்டுமே உரிய மலம் என்பது போல் பேசிவிட்டேன். படித்த படிப்பு என் கண்ணை மறைத்தது. பெயரை நாடிய ஆணவத்தைவிட, பிறர்க்கு ஆணவத்தை உபதேசித்த என் ஆணவமே பெரிது என்பதை அறிய எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

என் பிழையை எனக்குக் காட்டியவை நம் முன்னோரின் ஓலைகளும் கல்லெழுத்துகளுமே. அவற்றுள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

சைவ மரபில் ஓலைக்கு உயர்ந்த இடம் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் தடுத்தாட்கொண்டது ஓர் ஆளோலையைக் காட்டி. சம்பந்தப் பெருமானின் ஏடு மதுரையில் தீயில் வேகாதது. வைகையில் எதிரேறி ஏடகத்தில் நின்றது. இவற்றினும் ஒரு வகையில் அருமையுடையது, இறைவனே எழுதியருளிய கடிதம். பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் உள்ள திருமுகப் பாசுரத்தையே குறிக்கின்றேன். திருமுகம் என்னும் சொல்லுக்குப் பெரியோர் விடுக்கும் கடிதம் என்பது பொருள். திருவாலவாய்ச் சொக்கநாதர் சேரமான் பெருமாளுக்கு விடுத்த கடிதம் அது. யார் பொருட்டு விடுத்தார்? ஒரு முனிவர் பொருட்டு அன்று. ஓர் அரசர் பொருட்டு அன்று. தமது திருமுன்னர் யாழிசைத்து வறுமையில் வாடிய பாணபத்திரர் என்னும் கலைஞர் பொருட்டு. இவர்க்கு வேண்டும் பொருளைக் கொடுத்து அனுப்புக என்பதே அதன் கருத்து. சேரமான் தம் கருவூலம் முழுவதையும், அரசையுமே கொடுக்க முன்வந்தபோது, பத்திரர் தமக்கு வேண்டியதை மட்டும் ஏற்றார். இறைவன் எழுதியதாக நாம் போற்றும் இக்கடிதம், கைத்தொழில் வல்லான் ஒருவனின் குடும்பம் வாழ வேண்டும் என்று எழுதிய கடிதம். இதை நான் மடத்தில் பல முறை பாடம் ஓதினேன். ஆனால் மண்டபப் படியில் என் அருகே அமர்ந்திருந்தவரோடு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

அரசர்கள் எவ்வாறு நடந்தனர் என்று பார்ப்போம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் மாமன்னன் இராசராசன் தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். அக்கோயிலின் பணியாளர் பட்டியல் ஒன்று அங்கே உள்ளது. தளிச்சேரிப் பெண்டிர் 400 பேர், இசை வல்லார், கணக்கர், விளக்கேற்றுவோர், துணி வெளுப்போர், தையல் தொழிலர், கன்னார், பொற்கொல்லர் என எல்லாரும் அதில் இடம்பெறுகின்றனர். அவர்களோடு தச்சாசாரியனின் பெயரும் உண்டு: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். அவனுக்கு அடுத்த நிலையில் குணவன் மதுராந்தகனான நித்தவினோதப் பெருந்தச்சன், இலத்தி சடையனான கண்டராதித்தப் பெருந்தச்சன் என இருவர். இராசராசன் என்பது அரசன் பெயர். நித்தவினோதன் என்பதும் அவனது சிறப்புப் பெயர். தன் பெயரையே தச்சனுக்குச் சூட்டி, அதைக் கோயிற் கல்லில் நிலைபெறச் செய்தான் அப்பேரரசன். அதை அவன் பெருமை என்றே உலகம் போற்றுகிறது. ஆணவம் என்று எவரும் சொல்லவில்லை.

அதே கல்வெட்டில் இன்னொரு செய்தி உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று அளவு வைத்த பின், அப்பணியாளருள் ஒருவர் இறந்தாலோ வேறு நாடு சென்றாலோ என் செய்வது என்பதையும் அரசன் வகுத்தான். அவருக்கு நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். அவர்க்கு அத்தகுதி இல்லையாயின், தகுதியுடைய ஒருவரை அவர்களே தேர்ந்து அப்பணியில் அமர்த்தலாம். ஆள் போனாலும் குடும்பத்தை மறவாத நெறி இது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இதை நினைத்தார்கள்.

கொங்கு நாட்டிற்கு வாருங்கள். கோனேரின்மைகொண்டான் என்னும் பெயரால் வெளிவந்த ஓர் அரசாணை கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் வெட்டப்பட்டுள்ளது. அது கண்மாளர்க்கு, அதாவது கல், மரம், இரும்பு, செம்பு, பொன் ஆகியவற்றில் தொழில் செய்வோர்க்கு, அரசன் விடுத்த ஓலை. அதில் கண்ட உரிமைகள் யாவை? அவர்கள் இல்லத்து நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம்.

அன்பர்களே, இதை முதன்முறை படித்தபோது என் கை நடுங்கிற்று. சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அவர்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசும் உரிமை இருந்ததில்லை என்பது பொருள் அன்றோ? வானளாவும் விமானத்திற்குச் சுதை தீட்டியவன் கை, தன் வீட்டுச் சுவரைத் தீட்டக் கூடாது. இறைவன் திருமணத்திற்கு மண்டபம் எடுத்தவன் வீட்டுத் திருமணத்தில் சங்கு ஒலிக்கக் கூடாது. நம் முன்னோர் செய்த நன்மையை மட்டும் பேசிச் செல்வது விழா மேடைக்கு எளிது. ஆயினும் கல்லில் உள்ளதை மறைப்பது சைவம் ஆகாது. குறையையும் கல்லே சொல்லுகிறது. அதைத் திருத்திய ஓலையையும் கல்லே சொல்லுகிறது.

அடுத்து, தில்லைக்குச் செல்வோம். வடக்குக் கோபுரத்தைக் கிருட்டிணதேவராயர் எடுப்பித்தார் என்பது நாடறிந்த செய்தி. அவர் சிலை அங்கே உள்ளது. அதே கோபுரத்தில் கையில் கோல் தாங்கிய சிற்பிகளின் உருவங்களும் பெயர்களோடு உள்ளன. விருத்தகிரியில் கேசவப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து. திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி. தந்தையும் மகனும், தமையனும் தம்பியும். ஒரு கோபுரம் நான்கு தனி மனிதரால் அன்று, இரண்டு குடும்பங்களால் எழுந்தது என்பதை அவ்வுருவங்கள் சொல்லுகின்றன. கன்னட நாட்டிலும் பட்டடக்கல் விரூபாட்சர் கோயிலை அமைத்த குண்டன் அனிவாரிதாசாரிக்கு அரசன் அளித்த சிறப்பைக் கல்வெட்டு கூறுகிறது. சோமநாதபுரத்துச் சிலைகளின் பீடங்களில் மல்லிதம்மன் என்னும் சிற்பியின் கையொப்பத்தைக் காணலாம்.

நம் சேதுநாட்டுக்குத் திரும்புவோம். இராமேசுவரத்து மூன்றாம் பிராகாரம் உலகோர் வியப்பது. ஆயிரத்து இருநூற்றுக்கு மேற்பட்ட தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. சேதுபதி மன்னர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அதை நிறைவு செய்தனர், அவர்களின் திருவுருவங்களை அங்கே வணங்குகிறோம், வணங்கத் தக்கதே. ஆயிரத்து இருநூறு தூணுக்கும் உளி பிடித்த கைகளின் பெயரைக் கேட்டால், நம்மில் யார் ஒருவர் பெயரையாவது சொல்லுவோம்? தஞ்சையில் செய்ததை, தில்லையில் செய்ததை, நாம் இடையில் எங்கோ விட்டுவிட்டோம்.

பூசலார் நாயனாரின் வரலாற்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். கையில் பொருளின்றி மனத்திலேயே கோயில் எடுத்த பெருந்தகை அவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளியின் குடமுழுக்கு நாளிலேயே இவர் மனக்கோயிலுக்கும் நாள் குறித்திருந்தார். இறைவன் முதலில் இவர் கோயிலுக்கே எழுந்தருளினான். நாம் பலமுறை கேட்ட கதை. ஆனால் சேக்கிழார் பெருமான் சொல்லும் ஒரு சிறு நுட்பத்தை நாம் கடந்து போய்விடுகிறோம். பூசலார் மனத்தால் பொருள் தேடினார், கருவிகளைத் தேடினார், அவற்றோடு தச்சரையும் மனத்தாலேயே தேடினார். நினைவிலேயே கட்டும் கோயில்தானே, நினைத்தவுடன் விமானம் எழுந்துவிடாதா? எழாது. தச்சர் இல்லாமல் மனக்கோயிலும் எழாது என்பது அப்பெருமான் கண்ட உண்மை.

இனி அந்தச் சளிக்கு வருகிறேன். கருங்கல்லைச் செதுக்கும்போது பறக்கும் நுண்தூசியில் சிலிகா என்னும் பொருள் உள்ளது. அது ஆண்டுக்கணக்கில் நுரையீரலுள் படிந்து தழும்பாகி மூச்சை அடைக்கும். வந்த பின் அதை மாற்ற மருந்து இல்லை; வராமல் காப்பதே வழி. இன்று கையுளியோடு அறுவை இயந்திரமும் சாணையும் வந்துவிட்டன. அவற்றால் வேலை விரைகிறது. தூசியோ முன்னினும் நுண்ணிதாய்ப் பறக்கிறது. அன்று எங்களுக்கு இது தெரியாது. கோயில் வேலை செய்பவர்க்கு நோய் வராது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். "ஒன்றும் இல்லை, கவலைப்பட வேண்டாம்" என்று என் கையாலேயே எழுதினேன். ஊர் திரும்பிய ஆறாம் ஆண்டில் அவர் மூச்சுத் திணறி மறைந்தார் என்று பேரர் சொன்னார்.

பதினோராவது அட்டை, கடைசி அட்டை, குடமுழுக்கு நாள் குறித்தது. திருமேனிகளுக்குப் பொன்னூசியால் கண் திறந்தாயிற்று என்றும், ஒரு வாரத்தில் ஊர் வருவதாகவும் அதில் உள்ளது. கண் திறப்பது சிற்பியின் உரிமை. அதன்பின் அவரை மனம் மகிழச் சிறப்பித்து விடைகொடுக்க வேண்டும் என்பது மரபு. விடைபெற்ற பின் அத்திருமேனி அவர் கைக்கு உரியது அன்று; அவரும் நம்மைப்போல் வெளியே நின்று வணங்கும் அடியவர். குடமுழுக்கு நாளில் அவர் கூட்டத்தின் பின்னே, கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமியபடி, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நின்றதை நான் கண்டேன்.

பேரர் என்னைக் கேட்டது ஒன்றே: "ஐயா, எங்க தாத்தா வேலை செய்த கோயில் அது தானே? அங்கே அவர் பேர் எந்த இடத்தில் இருக்கிறது? என் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்." என்னால் விடை சொல்ல முடியவில்லை. அவரை அழைத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குச் சென்றேன். அந்தக் கல் இருக்கிறது. அவர் வெட்டிய எழுத்துகள் மழுங்காமல் இருக்கின்றன. கடைசி வரிக்குக் கீழே நான்கு விரற்கிடை வெற்றிடமும் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தைப் பேரர் தம் விரலால் தடவினார். "எழுத்து தாத்தா கைதான்" என்றார். அடியேன் தலைகுனிந்து நின்றேன்.

சிற்பக் கலை அழிந்துவிட்டது என்று புலம்ப நான் இங்கு வரவில்லை. 1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றியது. பிள்ளையார்பட்டி மரபில் வந்த வைத்தியநாத தபதியாரும், அவரை அடுத்து அவர் மைந்தர் கணபதி தபதியாரும் அதை வளர்த்தனர். குமரிமுனையில் 2000-ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலை கணபதி தபதியாரின் திறத்தைக் காட்டும். அமெரிக்க நாட்டு அவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் அவர் வகுத்த திட்டப்படி இறைவன் கோயில் எழுந்தது. பெங்களூரு அருகே 1990-இல் தொடங்கிக் கையுளியால் செதுக்கிய கற்கள் கடல் கடந்து சென்றன. 2011-இல் தபதியார் மறைந்தார். 2023-இல் அக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. நம் நாட்டுச் சிற்பிகள் இன்று கடல் கடந்தும் கோயில் எடுக்கிறார்கள். என்னைக் காண வந்த பேரரும் வெளிநாடு சென்று வந்தவரே. அவர் அஞ்சலட்டை எழுதுவதில்லை. கைப்பேசியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பேசுகிறார். நல்லதே. ஆனால் பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். கம்பியில் கோத்து வைக்க முடியாது. நாளை அவர் வாழ்வை அறிய அவர் சந்ததிக்கு என்ன எஞ்சும்? நாம் கல்லில் எழுதுவது ஒன்றே எஞ்சும்.

ஆதலின் திருப்பணிச் செல்வர்களாகிய உங்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றேன். முதலாவது, நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் ஒவ்வொரு கல்லிலும் தபதியார், கல்தச்சர், சுதை வேலை செய்தோர், மரத்தச்சர், வண்ணம் தீட்டியோர் பெயரையும் தந்தை பெயரோடும் ஊரோடும் பொறியுங்கள். இவ்விழா மலரிலும் ஒரு பக்கம் அவர்க்கு அளியுங்கள். இடம் இல்லையெனில் என் கட்டுரையைச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, கல் செதுக்கும் இடத்தில் நீர் தெளிக்கவும், முகக்காப்பு அளிக்கவும், ஆண்டுக்கொரு முறை நுரையீரல் சோதிக்கவும் திருப்பணிக் கணக்கில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். கலசத்திற்குப் பொன் வேய்வது போன்ற புண்ணியம் இது. மூன்றாவது, பணிக்காலத்தில் நோயுற்ற அல்லது மறைந்த சிற்பியின் பிள்ளைகளின் கல்விக்கு அக்கோயில் அன்பர்களே பொறுப்பேற்க வேண்டும். இராசராசன் நெல்லளந்து செய்த நெறிதான் இது. புதிதாக நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெயரை நாடுவது ஆணவம் என்றேன் அன்று. இன்றும் அதை மறுக்கவில்லை. என் பெயரை நான் நாடினால் அது ஆணவம். பிறர் பெயரை நான் மறவாமல் எழுதினால் அது அன்பு. இந்த வேறுபாடு அன்று எனக்குத் தெரியவில்லை. தந்தையின் பெயரைக் கேட்ட அந்த மகனுக்கு அது தெரிந்திருந்தது.

இப்பதியில் அம்மையின் திருப்பெயர் சிநேகவல்லி, அன்பே வடிவானவள். ஆட்டுடலோடும் யானைத் தலையோடும் வந்தவனுக்கு அவன் சொந்த முகத்தைத் திருப்பிக் கொடுத்தவர் எம்பெருமான். நாம் முகமில்லாதவராக்கிவிட்ட சிற்பிகளுக்கு அவர் தம் முகத்தைத் திருப்பிக் கொடுக்கும் தொண்டு நம்முடையது. அவர்களுக்கு நாம் எழுத வேண்டிய திருமுகம் ஐம்பது ஆண்டுகளாக, சில இடங்களில் ஐந்நூறு ஆண்டுகளாக, நிலுவையில் நிற்கிறது. அந்த நான்கு விரற்கிடை வெற்றிடத்தை நிரப்பும் அருளை ஆதிரத்தினேசுவரப் பெருமான் நமக்குத் தந்தருள வேண்டும் என்று வேண்டி அமைகின்றேன்.

வாழ்க அடியார்கள்! வாழ்க திருப்பணிச் செல்வர்கள்! வாழ்க உளி பிடித்த கைகள்!

திருச்சிற்றம்பலம்